பண்டகசாலை யாருக்கு?

பழைய கட்டடங்களைப் 'பாதுகாக்கிறோம்' என்று சொல்லி அவற்றைக் கடைத்தெருவாக்குவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. கொழும்புக் கோட்டையின் ஒல்லாந்தர் மருத்துவமனை 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 2011 டிசெம்பரில் உணவகங்களும் கடைகளுமாக அது மறுபடி திறக்கப்பட்டது. சுவர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்து வாசலிலேயே திரும்பும் சாதாரண மனிதனுக்கு அச்சுவர்கள் இருந்தென்ன, இடிந்தென்ன?

திருகோணமலைத் துறைமுகப் பகுதிக்கும் இக்கதி நேரக்கூடாது. இங்கு ஒல்லாந்தர் கால மாளிகையொன்று 2013இல் கடற்படை அருங்காட்சியகமாயிற்று. நல்லது. எண்ணெய்க் குதங்களையோ 2022 ஜனவரி உடன்படிக்கையில் 14, 24, 61 என எண்ணிப் பங்கிட்டார்கள். இத்தனை கணக்குப் பார்க்கும் அரசு, துறைமுகப் பகுதியில் ஓர் ஓவியனுக்கு ஓர் அறையை எண்ணியதுண்டா?

கொச்சியைப் பாருங்கள். 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால் வணிக நிறுவனத்தின் கடலோரப் பண்டகசாலைகள் 2012இல் கொச்சி–முசிறி பினாலே என்னும் கலைவிழாவின் முதன்மைக் களமாயின. அருகிலுள்ள பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்கில் கலைஞர்கள் தங்கிப் பணிபுரியக் கூடங்கள் அமைந்தன. இத்தகைய கட்டடத்தைப் பெரிதாக மாற்றவேண்டியதில்லை. தடித்த சுவர் வெயிலைத் தாங்கும். உயர்ந்த ஓட்டுக்கூரை வெப்பக் காற்றை மேலே இழுக்கும். பொதிகள் நுழைந்த அகன்ற வாசலில் சிற்பியின் கல்லும் நுழையும்.

நம்மவர் செய்வது நேர்மாறு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கற்சுவருக்குச் சீமெந்து பூசுகிறார்கள். ஈரமும் கடற்காற்றின் உப்பும் வெளியேற வழியின்றிச் செங்கல்லையே உதிர்க்கின்றன. பிறகு பொய்க்கூரை, கண்ணாடிக் கதவு, குளிரூட்டி. அச்செலவை ஈடுசெய்ய வாடகை உயரும். உயர்ந்த வாடகையைக் கொடுக்க வல்லது உணவகமே. கலைஞனை வெளியேற்றும் முடிவு பூச்சு வேலையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

'கொச்சியிலும் மழை உள்ளே புகுந்ததே' என்பார்கள். உண்மை. 2022இல் அவ்விழா டிசெம்பர் 12இலிருந்து 23ஆம் திகதிக்குத் தள்ளிப்போனது. ஒழுகலையும் நிர்வாகக் குறைகளையும் கலைஞர்களே பகிரங்கமாகக் கண்டித்தார்கள். பணத்தை முதலில் கூரைக்கு ஒதுக்க வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் கற்கவேண்டியது.

மட்டக்களப்பின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை பயின்று வெளியேறும் இளைஞருக்குக் கிழக்கில் வேலைசெய்ய இடம் எங்கே? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் திருகோணமலையில் மூவரும் ஒரே கூரையின்கீழ் தூரிகை பிடிக்க ஒரு கூடம் கேட்பது பேராசையா?

எனவே கோரிக்கை இதுதான். துறைமுகப் பகுதியில் கைவிடப்படும் எந்தப் பண்டகசாலையையும் கேள்விப்பத்திரத்துக்கு விடுமுன், அதில் ஒரு பகுதியை இம்மாவட்டக் கலைஞருக்குக் குறைந்த வாடகையில், நீண்டகாலக் குத்தகையில், எழுத்தில் ஒதுக்குங்கள். அதன்பின் சுண்ணாம்பு குழையுங்கள்.