கரண்ட் கட், கத்திரி வெயில்: வீட்டு கம்ப்யூட்டருக்கு காசு எங்கே போகிறது?

சென்னை:-

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து பிழைப்பு நடத்துபவர்களுக்கு இரட்டை தலைவலி. ஒரு பக்கம் மெஷின் கொதிக்கிறது. இன்னொரு பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று தெரியவில்லை. கல்யாண பத்திரிகை டிசைன், போட்டோ ஆல்பம், டைப்பிங், டேட்டா என்ட்ரி என்று வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கும் குடும்பங்கள் இப்போது தெருவுக்கு தெரு இருக்கின்றன. சேவ் பண்ணாத பைல் ஒன்று போனால் அன்றைய கூலி போச்சு.

இதற்கு பயந்து பலரும் கடைக்கு ஓடுகிறார்கள். பெரிய யு.பி.எஸ்., விலை கூடிய கூலர் என்று கடைக்காரர் காட்டியதை வாங்கி வருகிறார்கள். பணம் போகிறது, பிரச்சினை மட்டும் போவதில்லை. காரணம் என்ன?

சூடும் கரண்டும் அண்ணன் தம்பி

கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 100 வாட் இழுக்கும் மெஷின் அறைக்குள் 100 வாட் சூட்டை விடும். 250 வாட் இழுத்தால் 250 வாட். அதே 250 வாட்தான் கரண்ட் போனதும் யு.பி.எஸ். பேட்டரியையும் காலி செய்கிறது. ஆகவே கூலிங் தனி, பேக்கப் தனி என்று பிரித்து பார்ப்பதில்தான் முதல் தப்பு நடக்கிறது.

வீட்டில் டிசைன் வேலை பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் சாதாரண மெஷின், 600 வி.ஏ. யு.பி.எஸ். இருக்கிறது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று கிராபிக்ஸ் கார்டு போடுகிறார். அதற்காக எஸ்.எம்.பி.எஸ்.சையும் பெரிதாக மாற்றுகிறார். யு.பி.எஸ். மட்டும் பழையது. முன்பு 20 நிமிடம் தாங்கியது இப்போது 5 நிமிடத்தில் 'பீப் பீப்' என்று கத்தி அணைகிறது. யு.பி.எஸ். கெட்டுவிட்டது என்று அதை குறை சொல்கிறார். கெட்டுப்போகவில்லை, சுமைதான் ஏறிவிட்டது.

பெட்டியில் போட்டிருப்பது என்ன?

600 வி.ஏ. என்றால் 600 வாட் என்று நினைப்பவர்கள் அதிகம். அது சரியல்ல. இந்த வகை யு.பி.எஸ்.களில் பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும். பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் வாட் கணக்கும் போட்டிருப்பார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி. பெருக்கினால் 84 வருகிறது. அதாவது, 84 வாட் சுமையை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். அது வெறும் காகித கணக்கு. வேகமாக கரண்டை இழுக்கும்போது பேட்டரி தன் முழு சக்தியையும் தராது. மாற்றும்போது யு.பி.எஸ்.சும் கொஞ்சம் தின்றுவிடும். கைக்கு வருவது பாதிகூட இல்லை. 100 வாட் சுமைக்கு 20 நிமிடம், 200 வாட் சுமைக்கு 10 நிமிடத்துக்கும் குறைவு. இதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்போதுதான்.

இதில் லேசர் பிரிண்டரை சொருகினால் அவ்வளவுதான். பேப்பரில் மையை ஒட்டவைக்க அதற்குள் ஹீட்டர் இருக்கிறது. ஒரு நொடியில் பல நூறு வாட் இழுத்து யு.பி.எஸ்.சை மடக்கிவிடும். பிரிண்டர் நேராக சுவர் பிளக்கில்தான் இருக்க வேண்டும்.

வெயில் பேட்டரியையும் தின்னும்

யு.பி.எஸ்., இன்வெர்ட்டரில் உள்ள ஈய பேட்டரிக்கு 25 டிகிரி சூடு இதமானது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாக குறையும் என்பது பேட்டரி தொழிலில் உள்ள பொதுக்கணக்கு. யு.பி.எஸ்.சை மேஜைக்கு அடியில், கம்ப்யூட்டர் சூட்டுக்காற்று அடிக்கும் இடத்திலேயே வைத்தால் என்ன ஆகும்? மெஷினே தன் பேட்டரியை மெல்ல கொல்கிறது. ஒரு முழம் தள்ளி, காற்றுப்படும் இடத்தில் வைக்க பைசா செலவில்லை.

பேட்டரி உப்பியிருந்தாலோ, நெடி வந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். அப்படியே ஓட்டுவது ஆபத்து.

சில பேர் சின்ன யு.பி.எஸ்.சில் பெரிய கார் பேட்டரியை ஒயர் இழுத்து மாட்டுகிறார்கள். அதிக நேரம் வரும் என்பது நிஜம்தான். ஆனால் அந்த யு.பி.எஸ். 10, 15 நிமிடம் ஓடுவதற்காக செய்யப்பட்டது. மணிக்கணக்கில் ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் சூடேறி கருகும். வீட்டில் ஆள் தூங்கும் நேரத்தில் நடந்தால் விபரீதம்தான்.

முதலில் பிரஷ், பிறகு பர்ஸ்

கூலிங் விஷயத்தில் ஒரு எளிய உண்மை உண்டு. எவ்வளவு விலை கூடிய கூலர் போட்டாலும், அறையின் சூட்டுக்கு கீழே பிராசசரை கொண்டுபோக முடியாது. அது ஏ.சி. இல்லை, சூட்டை காற்றுக்கு மாற்றும் கருவி மட்டும்தான். அறை 28 டிகிரியில் இருந்து 38 டிகிரி ஆனால் பிராசசரும் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறும். மார்கழியில் ஒழுங்காக ஓடிய மெஷின் சித்திரையில் திணறுவது இதனால்தான்.

இப்போதைய பிராசசர்கள் 95, 100 டிகிரியை நெருங்கினால் தானாகவே வேகத்தை குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் அணைந்துவிடும். வைரஸ் வந்துவிட்டது என்று பார்மட் அடித்தவர்கள் பல பேர். சூட்டை காட்டும் இலவச சாப்ட்வேர்கள் இருக்கின்றன. போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செலவில்லாத வைத்தியம் முதலில். கரண்ட் பிளக்கை பிடுங்கிவிட்டு, கேபினெட்டை திறந்து, பிரஷ்ஷால் தூசியை தட்ட வேண்டும். புளோயர் அடிக்கும்போது பேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவு மூடிய கம்ப்யூட்டர் டேபிளில் கேபினெட்டை அடைத்து வைத்திருந்தால் வெளியே எடுக்க வேண்டும்.

அடுத்தது, பிராசசர் மேல் தடவும் பேஸ்ட். சில வருடத்தில் காய்ந்துவிடும். சில நூறு ரூபாய்க்கு ஒரு டியூப் கிடைக்கும். பட்டாணி அளவு போதும். காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் சில மாடல்களில் பிராசசரும் சேர்ந்து வந்து பின்கள் வளையும். மெஷினை சிறிது நேரம் ஓட்டி சூடாக்கி, அணைத்து, பிளக்கை பிடுங்கிய பிறகு மெல்ல திருகி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, பேன். முன்பக்கம் ஒன்று காற்றை உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள. ஒரு பேன் இழுப்பது சில வாட்தான், பேக்கப் நேரத்தில் பெரிதாக கைவைக்காது. இதற்கு பிறகும் சூடு அடங்கவில்லை என்றால்தான் செப்பு குழாய் வைத்த டவர் கூலர். சாதாரண வீட்டு வேலைக்கு தண்ணீர் ஓடும் லிக்விட் கூலர் தேவையே இல்லை. பம்ப் நின்றால் அதுவும் ஒரு செலவு.

'நாளை மின்தடை'க்கு எது தாங்கும்?

2012-ல் சென்னைக்கு 2 மணி நேரம், வெளிமாவட்டங்களுக்கு அதைவிட பல மடங்கு கரண்ட் கட் இருந்ததை யாரும் மறக்கவில்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அந்த காலத்தில்தான். இப்போது நிலைமை அப்படி இல்லை. பராமரிப்பு பணிக்காக காலை 9 மணி முதல் பகல் 2 மணி வரை என்று முன்கூட்டியே அறிவிப்பு வருகிறது. இதுதவிர கோடையில் டிரான்ஸ்பார்மர் சுமை தாங்காமல் திடீர் தடையும் வரும்.

இந்த 5 மணி நேரத்துக்கு யு.பி.எஸ். உதவாது. அதன் வேலை, பைலை சேவ் பண்ணி ஒழுங்காக அணைக்க அவகாசம் தருவது. அவ்வளவுதான். வேலை நிற்கக்கூடாது என்றால் இன்வெர்ட்டர்தான் வேண்டும். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி புதிதாக இருந்தால் 100 வாட் கம்ப்யூட்டர், ஒரு பேன், ஒரு லைட் ஆக மொத்தம் 200 வாட் சுமையை 5 மணி நேரம் போல தாங்கும். வாங்கும்போது சைன்வேவ்தானா என்று கேட்க வேண்டும். ஸ்விட்சை 'யு.பி.எஸ். மோட்' பக்கம் போட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

மாதத்துக்கு ஒரு நாள்தான் தடை என்றால், அன்று வேலையை மாலைக்கு மாற்றுவதே மலிவான இன்வெர்ட்டர். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு யு.பி.எஸ்.சே வேண்டாம். வை-பை பெட்டிக்கு மட்டும் சின்ன 12 வோல்ட் மினி யு.பி.எஸ். போதும்.

உயிர் முக்கியம்

கரண்ட் போன பிறகும் யு.பி.எஸ். பிளக்கில் 230 வோல்ட் இருக்கும் என்பதை குழந்தைகள் உள்ள வீட்டில் மறக்கக்கூடாது. கேபினெட்டை தொட்டால் சுர்ரென்று அடித்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். கூலர் வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை கூப்பிட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர குழாய் தண்ணீர் ஊற்றக்கூடாது. சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வரும் என்பதால் பூஜை விளக்கு பக்கத்தில் வைக்கக்கூடாது.

பழைய பேட்டரியை கண்ட இடத்தில் போடுவதும் தப்பு. உள்ளே இருப்பது ஈயம், குழந்தைகளின் மூளையை பாதிக்கும் விஷம். 2022-ல் வந்த மத்திய அரசின் பேட்டரி கழிவு விதிகள்படி பழையதை சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. புதிது வாங்கும்போது பழையதை கடையில் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

ரிச்சி தெருவுக்கு போகும் முன் ஒரு பேப்பரில் மூன்று விஷயம் எழுதிக்கொண்டால் போதும். மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது, எத்தனை நிமிடம் தாங்க வேண்டும், உள்ளே எத்தனை டிகிரி காட்டுகிறது. இந்த மூன்று கணக்கும் கையில் இருந்தால், கடைக்காரர் சொல்லும் விலைக்கு தலையாட்ட வேண்டிய அவசியம் இருக்காது.