லேபிளைத் திருப்பி ஒட்ட வேண்டும்

இன்றைய பதிவு ஒரு ஜப்பானிய மதுவைப் பற்றி. "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று யாரும் போன் போட வேண்டாம். நான் அதைத் தொட்டதும் இல்லை, தொடப்போவதும் இல்லை. அதன் செய்முறை மேல் எனக்கு மரியாதை, லேபிள் மேல் கோபம். அவ்வளவுதான்.

பெயர் உமேஷு. உமே என்ற காயை ஊறவைத்துச் செய்வது. பிளம் என்று சொல்கிறார்களே தவிர, அது ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஜூனில் அங்கே மழைக்காலம். அந்த மழையின் பெயரையே 'உமே', 'மழை' என்ற இரண்டு எழுத்துகளால்தான் எழுதுகிறார்கள். பச்சைக் காய் சந்தைக்கு வருவதும் அப்போதுதான். ஒரு கிலோ காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பு இருந்த இடத்தில் ஒட்டியிருக்கும் துணுக்கை மூங்கில் குச்சியால் நெம்பி எடுப்பார்கள். கண்ணாடி ஜாடியில் ஒரு அடுக்கு காய், ஒரு அடுக்கு கற்கண்டு. அதன்மேல் 35 சதவீத ஆல்கஹால் உள்ள, நிறமில்லாத ஷோச்சு 1.8 லிட்டர். கற்கண்டு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை, அவரவர் நாக்குக்கு ஏற்றபடி.

சீனி போடாமல் ஏன் கற்கண்டு? உலர்திராட்சையைத் தண்ணீரில் போட்டுச் சவ்வூடுபரவல் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? அதே பாடம்தான். கற்கண்டு மெதுவாகக் கரையும். அது கரைவதற்குள் ஆல்கஹால் காய்க்குள் போய்விடும். பிறகு வெளியே இனிப்பு ஏற ஏற, காயின் புளிப்பையும் மணத்தையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். சீனியைக் கொட்டினால் இந்த வரிசை கெட்டுப்போகும். மூன்று மாதத்தில் குடிக்கலாமாம். ஒரு வருடம் வைத்தால் தேன் நிறம் வரும். (பச்சை உமேயை அப்படியே கடித்துத் தின்னக் கூடாது. சயனைடு உண்டாக்கும் பொருள் அதில் இருக்கிறது.)

1962 வரை வீட்டில் இப்படி ஊறவைப்பதே அங்கே சட்டவிரோதம். அந்த வருடம்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றும் விற்கக் கூடாது, சேர்க்கும் மதுவில் 20 சதவீதமாவது ஆல்கஹால் இருக்க வேண்டும், திராட்சை சேர்க்கக் கூடாது.

காயில் பேர்போனது வாகயாமா மாகாணத்தின் நான்கோ உமே. 1902இல் தகாதா சாதகுசு என்ற விவசாயி நட்ட கன்றுகளில் ஒன்று பெரிய பெரிய பழமாகக் காய்த்தது. 1950இல் மினாபே ஊரில் நல்ல தாய்மரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைந்தது. தகேனாகா கத்சுதாரோ என்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஐந்து வருடம் மரம் மரமாக ஏறி இறங்கி ஆராய்ந்தார்கள். கடைசியில் தகாதாவின் மரமே ஜெயித்தது. அந்தப் பள்ளியை ஊரார் சுருக்கமாக நான்கோ என்பார்கள். அதையே காய்க்கும் வைத்து 1965இல் பதிவு செய்தார்கள். பிள்ளைகள் உழைத்ததற்குப் பள்ளியின் பெயரையே ஒரு பழத்துக்குச் சூட்டிய ஊர்! எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அப்படித் தேடிக் கண்டுபிடித்த காயைக் குறைத்துப் போட்டு, புளிப்புக்கு அமிலமும் மணத்துக்கு எசென்சும் கலந்து விற்றாலும் அதற்கும் உமேஷு என்றே பெயர். 2015இல் அங்குள்ள மது தயாரிப்பாளர் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. உமே, சர்க்கரை, மது மட்டும் சேர்த்தால் 'ஹொன்காகு உமேஷு', அதாவது அசல் உமேஷு, என்று போட்டுக்கொள்ளலாம். நல்லதுதானே என்பீர்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. பரீட்சையில் சொந்தமாக எழுதியவன் "நான் காப்பி அடிக்கவில்லை" என்று தாளில் எழுதித் தர வேண்டும், காப்பி அடித்தவன் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்றால் எப்படி? உமேஷு என்ற வெறும் பெயர் அசலுக்குத்தான் சொந்தம். அடைமொழி, கலந்தவனுக்கு.

விலை குறைவாக வேண்டும் என்பவர்களும் இருப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். தாராளமாக விற்கட்டும். 'அமிலமும் எசென்சும் சேர்த்தது' என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டு விற்கட்டும்.

ஜப்பானில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது கடைப்பக்கம் போனால் லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள். படம் போதும். பாட்டில் வேண்டாம்.