விலக்கப்பட்ட உணவும் நம் வீட்டு அடுப்பும்

மதிய உணவு வேளையில் எங்கள் வட்டத்தில் இறால் தொக்கு டப்பாவுக்கு டப்பா மாறுவது வழக்கம். இவ்வாண்டு எங்களோடு சேர்ந்த தோழி ஒருத்தி மட்டும் வேண்டாமென்று தட்டை மூடிக்கொள்வாள். அவள் குடும்பத்தார் சனிக்கிழமையை ஓய்வுநாளாக அனுசரிக்கும் சபையினர். லேவியராகமம் 11-ஆம் அதிகாரத்தில் விலக்கப்பட்டவை அவர்கள் அடுப்பில் ஏறுவதில்லை. நாங்கள் அவளைக் கேலி செய்தோம். அவளோ மறுநாள் முதல் வராந்தாவின் மறுகோடியில் தனியே உண்ணத் தொடங்கினாள். அதன் பிறகுதான் அந்த அதிகாரத்தை எடுத்து வாசித்தோம்.

குளம்பு பிரிந்திருந்தும் அசைபோடாததால் பன்றி ஆகாது. அசைபோட்டும் குளம்பு பிரியாததால் ஒட்டகம் ஆகாது. நீரில் வாழ்வனவற்றில் துடுப்பும் செதிலும் உள்ளவையே உண்ணத்தக்கவை. ஆகவே இறால், நண்டு, கணவாய், கெளுத்தி எல்லாம் போயிற்று. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் ஊறட்டும் என்று பாட்டிமார் ஆக்கித் தரும் சுறாப்புட்டும் போயிற்று! (சுறாவையும் யூதர்கள் விலக்கிய மீன்களோடுதான் சேர்க்கிறார்கள்.) இதைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் அனுசரிப்பதென்றால் நம் கடற்கரை ஊர்களின் கதி என்ன?

ஆனால் இது சிரிக்கும் காரியமன்று. மக்கபேயர் இரண்டாம் ஆகமத்தில் 90 வயது எலெயாசர் பன்றி இறைச்சியை உண்ண மறுத்து உயிர்விட்டார். உண்பதுபோல் நடித்தாவது தப்பித்துக்கொள்ளுமாறு நண்பர்கள் வேண்டினர். இளைஞர்களுக்குத் துர்மாதிரிகையாக இருக்கமாட்டேன் என்று அதற்கும் அவர் இணங்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் ஒரு தாயும் ஏழு புதல்வரும் அதே காரணத்துக்காக மடிகிறார்கள். தாங்கள் யாருடைய மக்கள் என்பதையே அவர்கள் அந்த உணவில் கண்டார்கள்.

அப்படியிருக்க, நாம் ஏன் அதை அனுசரிப்பதில்லை? மனிதனுக்குள் போவதல்ல, உள்ளத்திலிருந்து வருவதே அவனைத் தீட்டுப்படுத்தும் என்று இயேசுபிரான் போதித்ததை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டு மாடியில் புனித இராயப்பர் கண்ட காட்சியும் நமக்குத் தெரிந்ததே. எல்லா விலங்குகளும் நிறைந்த விரிப்பு ஒன்று வானத்திலிருந்து இறங்கியது. இராயப்பர் அதன் பொருளை உணவோடு நிறுத்தவில்லை. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என்றே உணர்ந்தார். உடனே உரோமை நூற்றுவர் தலைவன் கொர்னேலியுவின் வீட்டுக்குப் போனார். சட்டம் தளர்ந்தது யூதரும் பிற இனத்தாரும் ஒரே பந்தியில் அமர்வதற்காக. அந்தச் சுதந்திரத்தைக் கொண்டே நாங்கள் ஒருத்தியைப் பந்தியை விட்டு எழுப்பிவிட்டோம்!

எருசலேம் சங்கத்தில் அப்போஸ்தலர்கள் இரத்தத்தை விலக்கச் சொன்னார்களே, ஆட்டு இரத்தப் பொரியல் கூடுமா என்று ஒருத்தி கேட்டாள். அக்கட்டளை அக்காலத்துக்கு உரியது என்று பிளாரன்ஸ் பொதுச்சங்கம் 1442-இல் தெளிவுபடுத்தியது. எனவே விருப்பமுள்ளவர் உண்ணலாம்.

நமக்கும் விதி இல்லாமலில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி 14 வயது நிறைந்தவர்களைச் சுத்தபோசன விதி கட்டுப்படுத்தும், அதாவது எங்களையும். மாமிசம் தீட்டு என்பதற்காக அல்ல, தவத்துக்காகவே அதை ஒறுக்கிறோம். ஆனால் தவக்கால வெள்ளியன்று வஞ்சிர வறுவலும் நண்டுக் குழம்புமாக விருந்துண்பதைச் சுத்தபோசனம் என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். சகோதரன் இடறுவதாயிருந்தால் இறைச்சியை விட்டுவிடுவதே நலம் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதியிருக்கிறாரே! இப்போது புதன்கிழமைகளில் எங்கள் டப்பாக்களில் இறாலோ நண்டோ இருப்பதில்லை. அன்று அவள் வீட்டு உருளைக்கிழங்கு மசாலாவுக்குத்தான் போட்டி.