பட்டனில் சொருகிய குச்சி

கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ரூமுக்குள் எட்டிப் பாருங்கள். பல இடங்களில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடி இருக்காது. பச்சைப் பட்டன் வெளியே வராதபடி ஒரு வேப்பங்குச்சியைச் சொருகியிருப்பார்கள். ராத்திரி எப்போது மும்முனை மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடவேண்டும். பாம்பும் பன்றியும் திரியும் வரப்பில் நடுச்சாமத்தில் நடந்து போகச் சொல்ல எனக்கும் மனமில்லை.

ஆனால் கையை எடுத்ததும் அந்தப் பட்டன் திரும்புவது காரணத்தோடுதான். உள்ளே நோ-வோல்ட் காயில் இருக்கிறது. கரண்ட் போனால் அது பிடியை விட்டுவிடும். ஆள் வந்து அழுத்தினால்தான் மறுபடி மோட்டார் ஓடும். கரண்ட் இல்லையே என்று கம்ப்ரசர் பெல்ட்டில் கை வைத்தவருக்கு அதுதான் காவல். அந்தக் காவலைத்தான் குச்சி வைத்துக் கட்டிப்போடுகிறோம்.

வினை அங்கே நிற்பதில்லை. 5 எச்.பி. மோட்டார் சாதாரணமாக ஏழெட்டு ஆம்பியர் எடுக்கும். நேரடியாகக் கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் மட்டும் அதைப்போல ஆறு மடங்கு இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் பத்துத் தோட்டமும் குச்சி சொருகியிருந்தால், கரண்ட் வந்த கணத்தில் பத்தும் சேர்ந்து இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பியூஸ் போகும். "லைன்மேன் எப்ப வர்றது, நாமளே போட்டுக்கலாங்க" என்று ஒருவர் டார்ச்சோடு கிளம்புவார். அப்படிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை.

இன்னொரு வித்தை கண்டன்சர். மும்முனை இல்லாத நேரத்தில், இருக்கிற இரண்டு பேஸை வைத்து மூன்றாவதை உண்டாக்கி மோட்டாரை ஓட்டுவது. தண்ணீர் வரும். ஆனால் சுமை சரிசமமாகப் பிரியாமல் மோட்டார் காயில் கொதிக்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு மங்கும். மோசமானது இதுதான்: கரண்ட் இல்லாத அந்த மூன்றாவது கம்பிக்கும் மோட்டார் வழியாக மின்சாரம் திரும்பி ஏறலாம். அந்தக் கம்பியில் வேலை பார்ப்பவர் நம் ஊர்ப் பையனாகத்தான் இருப்பார்.

ஓடும்போதே ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 1.7 மடங்கு ஆம்பியர் ஏறும். நோ-வோல்ட் காயில் இரண்டு பேஸில் வேலை செய்வது. அதில் இல்லாத மூன்றாவது பேஸ் போனால் அதற்குத் தெரியாது. அதனால் ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேவை நம் மோட்டாரின் ஆம்பியருக்குச் சரியாக வைத்திருக்க வேண்டும், ஒரு பேஸ் போனாலே நிறுத்திவிடும் பேஸ் பிரிவெண்டரும் வேண்டும். 1990-லிருந்து தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டரும் இல்லை. மோட்டார் கூடுதலாக இழுப்பதை எந்த பில்லும் காட்டிக்கொடுக்காது. இவை இல்லாவிட்டால் கருகல் வாடைதான் முதல் தகவல்.

எர்த் பற்றியும் சொல்லவேண்டும். மோட்டார் உடம்பிலிருந்து தனித்தனியாக இரண்டு எர்த் கம்பி போகவேண்டும் என்பது விதி. பல தோட்டங்களில் ஒன்றே ஒன்று, அதுவும் துருப்பிடித்த போல்ட்டில் சும்மா சுற்றிக் கிடக்கிறது.

1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டிய ஊர் கோவை. அதே ஊர்க் கடைகளில் பிரிவெண்டரும், கரண்ட் வந்து சற்றுத் தாமதித்து ஓட்டும் டைமரும், செல்போனிலேயே ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டரும் கிடைக்கின்றன. அடுத்த முறை காயில் கட்டக் கொண்டுபோகும்போது அங்கேயே விலை கேளுங்கள். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு மாட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், அந்தக் குச்சியை இன்றைக்கே பிடுங்கி எறியுங்கள்.