கறை போகும்... கரையுமா?

சட்டையின் ஆயுளைத் தீர்மானிப்பது அதைப் போட்டுக்கொள்கிறவர் அல்ல, துவைக்கிறவர். துவைக்கிற கல் இருந்த காலத்தில் பட்டன்களெல்லாம் அங்கேதான் உயிரை விட்டன. கல் போய் மெஷின் வந்தது. அடி மட்டும் குறையவில்லை.

பெட்ஷீட், ஜீன்ஸ், பாப்பாவின் கவுன் எல்லாவற்றையும் தீபாவளி பஸ் மாதிரி திணித்து, முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தி மூடுகிறோம். உள்ளே துணி புரள இடம் வேண்டாமா? ஜீன்ஸின் ஜிப் ஒரு ரம்பம். பக்கத்தில் கிடக்கும் மெல்லிய சுடிதாரை அது சும்மா விடாது. ஜிப்பை இழுத்து மூடி, உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட அரை நிமிஷம் ஆகும். டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம்.

நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது நம் தேசிய நம்பிக்கை. அழுக்கை எடுப்பது நுரை இல்லை ஸார். டிடர்ஜென்ட் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும். மறு முனை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் வித்தை. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கூட இரண்டு கரண்டி போட்டால் அது அலசலில் போகாமல் துணியிலேயே குடியேறும். துண்டு அப்பளமாக விறைப்பது இதனால்தான்.

போன மாதம் மாடி வீட்டுப் பெண் படபடவென்று இறங்கி வந்தாள். கையில் அவள் அப்பாவின் எட்டு முழ வேஷ்டி. நல்ல அகலமான பச்சைக் கரை.

"அங்கிள், சாம்பார் கொட்டிடுச்சு. சோப்பு போட்டா மஞ்சள் போகும்னு பார்த்தா ரத்தமா சிவந்து போச்சு! ஞாயித்துக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். அப்பா இதைத்தான் கட்டுவேன்னு உக்காந்திருக்கார். தாத்தா எடுத்துக் கொடுத்ததாம்."

இன்னொரு கையில் பிளீச் பாட்டில், மூடி திறந்து தயாராக.

பாட்டிலை முதலில் வாங்கி வைத்தேன். அதை ஊற்றியிருந்தால் கறையோடு கரையும் போயிருக்கும். மஞ்சளில் இருக்கிற குர்குமினுக்கு சோப்பின் காரம் பட்டால் சிவப்பது சுபாவம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி ஆகிறதே, அதே சங்கதி. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். அந்த மஞ்சளுக்கு எதிரி வெயில்.

"கரையைச் சுருட்டி ஒரு துணியால மூடிட்டு, கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்தோட வெயில்ல காட்டும்மா."

"வெறும் வெயிலா?" என்றாள், மருந்து எழுதித் தராத டாக்டரைப் பார்ப்பது மாதிரி. இரண்டு நாள் வெயில். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா அதே வேஷ்டியில் தாம்பூலத் தட்டு மாற்றினார்.

மஞ்சளை வெளுக்கிற அதே வெயில்தான் உங்கள் நீலச் சட்டையையும் வெளுக்கிறது. கலர் துணிக்கு நிழல். ரத்தம், பால், முட்டைக் கறைக்குப் பச்சைத் தண்ணீர். வெந்நீர் விட்டால் கறை வெந்து நூலோடு இறுகிவிடும்.

புதுத் துணி சாயம் போனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறோம். 1960-களில் நம்மூர்க் கட்டம் போட்ட கைத்தறித் துணியை 'பிளீடிங் மெட்ராஸ்' என்று பெயர் வைத்து, சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே அமெரிக்காவில் விற்றார்கள். துவைக்கத் துவைக்க அழகாம்! நமக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. முதல் இரண்டு மூன்று தடவை தனியாக நனைப்பதுதான் வழி.

பட்டு வேறு ஜாதி. பருத்தி செடியில் விளைந்தது. பட்டு ஒரு புழுவின் புரதம். கறையைத் தின்பதற்காக டிடர்ஜென்ட் பவுடரில் என்ஸைம் சேர்க்கிறார்களே, அதில் ஒரு வகை புரதத்தைத் தின்கிறது. அதற்கு முட்டையும் ஒன்றுதான், உங்கள் கூறைப்புடவையும் ஒன்றுதான். பட்டைக் கட்டி அவிழ்த்ததும் பீரோவில் திணிக்காமல், வியர்வை காய நிழலில் ஆற விடுங்கள். ஜரிகை உள்பக்கமாக இருக்கும்படி மடித்துப் பழைய பருத்தி வேஷ்டியில் சுற்றி வையுங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால், கட்டாமலேயே அந்தக் கோட்டில் கிழியும்.