விஞ்ஞானக் கண்காட்சியும் ஒரு வழிகாட்டியும்

கடந்த மாதம் கனடாவில் வசிக்கும் நம்மவர் சிலர் எனக்கு ஒரு கோப்பினை அனுப்பியிருந்தனர். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளுக்குச் செயற்றிட்டம் தயாரிக்கும் மாணவர்களுக்கென அவர்கள் ஆங்கிலத்தைத் தழுவித் தமிழில் ஆக்கி, இணையத்தில் ஏற்றியுள்ள வழிகாட்டி அது. "எழுத்துப் பிழைகளையும் வசனப் பிழைகளையும் மட்டும் திருத்தித் தாருங்கள் ஐயா, அது போதும்" என்பது அவர்களது வேண்டுகோள். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைப் பணிமனையில் பிறர் எழுதியதைத் திருத்தியே கண் மங்கியவன் என்ற வகையில் அதனை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டேன்.

திருத்த வேண்டிய எழுத்துப் பிழைகள் அதிகம் இருக்கவில்லை. ஆனால் ஏழாவது படிமுறையில் இருந்த ஒரு வசனம் என்னை நிறுத்தியது. "இறுதியாக உங்கள் கருதுகோள் சரியென்பதை நிரூபியுங்கள்" என்று அங்கே எழுதப்பட்டிருந்தது. இலக்கணப்படி குற்றமற்ற வசனம். ஆயினும் அதனை வாசித்ததும் சில வருடங்களுக்கு முன்னர் நான் செய்த ஒரு தவறு நினைவுக்கு வந்தது.

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்னையும் நடுவர்களுள் ஒருவராக அழைத்திருந்தனர். நான் கலைப் பட்டதாரி. க.பொ.த. சாதாரண தரத்துடன் விஞ்ஞானத்திடமிருந்து விடைபெற்றவன். பத்திரிகையாளன் என்றால் எல்லாம் தெரிந்தவன் என்று நமது சமூகம் நினைக்கிறது. நாமும் அதனை மறுப்பதில்லை. எனவே போனேன். அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றிப் பொங்கவைத்த எரிமலைகள், றெஜிபோமில் செய்த சூரியக் குடும்பங்கள், பிறிஸ்டல் அட்டையில் வர்ணம் தீட்டிய இதயங்கள் எல்லாம் வரிசையாக நின்றன. அவற்றிடையே தரம் பத்தில் பயிலும் ஒரு பெண்பிள்ளை, ஐந்து கிணறுகளின் நீரைப் போத்தல்களில் அடைத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் செய்திருந்தது எளிமையான வேலை. ஒவ்வொரு கிணற்று நீரிலும் ஒரே அளவை எடுத்து, அதில் சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டுக் குலுக்கி, நிலைத்து நிற்கும் நுரை வருவதற்கு எத்தனை துளி தேவைப்பட்டது என எண்ணியிருந்தாள். துளிகள் கூடினால் நீரின் வன்மை கூட என்பது பொருள். கடலுக்குக் கிட்டிய கிணறுகளின் நீரே வன்மை கூடியதாக இருக்கும் என்பது அவளது கருதுகோள். பலகையில் இருந்த வரைபும் அவ்வாறே, கடற்கரையிலிருந்து உள்ளே போகப் போக அழகாக இறங்கிச் சென்றது. மேசையில் கிடந்த அப்பியாசக் கொப்பியைத் தற்செயலாகப் புரட்டினேன். அதில் இருந்த எண்கள் வேறு. ஊரின் உட்புறத்துக் கிணறு ஒன்றுக்கே ஆகக்கூடிய துளிகள் தேவைப்பட்டிருந்தன.

"இது ஏன் பிள்ளை வித்தியாசமாய் இருக்கு?" என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கருதுகோள் சரி எண்டு வரவேணுமாம், இல்லாட்டிப் புள்ளி குறையுமாம். அப்பிடித்தான் வழிகாட்டியில போட்டிருக்கு எண்டு ரீச்சர் சொன்னவா, சேர்" என்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. தரப்பட்ட புள்ளித்திட்டத்தின்படி புள்ளியிட்டு விட்டு வந்துவிட்டேன். பரிசு ஓர் எரிமலைக்குப் போனது. அந்தக் கொப்பியில் இருந்த எண்களே அன்று அந்த மண்டபத்தில் இருந்த ஒரேயொரு விஞ்ஞானம் என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில நாட்கள் தேவைப்பட்டன. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கற்பாறையின் மேல் இருப்பது. அப்பாறையூடாக ஊறிவரும் நீரில் கல்சியம் கரைந்திருக்கும். ஆகவே கடலின் தூரம் மட்டும் நீரின் வன்மையைத் தீர்மானிப்பதில்லை. அந்தப் பிள்ளையின் கருதுகோள் பிழைத்த இடத்தில் உண்மையான கேள்வி ஒன்று எழுந்து நின்றது. அதனை அழித்துவிடும்படி நாம் அவளுக்குக் கற்பித்தோம்.

ஒரு பத்திரிகையாளனுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். விஞ்ஞானக் கண்காட்சி என்ற ஏற்பாட்டின் வரலாற்றில் பத்திரிகைக்காரர்களுக்கும் பங்குண்டு என்பதே எனது பதில். அமெரிக்கப் பத்திரிகை அதிபர் எட்வேர்ட் ஸ்கிறிப்ஸ், விலங்கியல் அறிஞர் வில்லியம் ரிட்டருடன் இணைந்து 1921இல் 'சயன்ஸ் சேர்விஸ்' என்னும் நிறுவனத்தை ஆரம்பித்தார். விஞ்ஞானச் செய்திகளைச் சாதாரண வாசகர்களுக்குப் பிழையின்றிக் கொண்டுசெல்வதே அதன் நோக்கம். அந்த நிறுவனமே 1950இல் பிலடெல்பியா நகரில் முதலாவது தேசிய விஞ்ஞானக் கண்காட்சியை நடத்தியது. இன்று பல நாடுகளின் மாணவர்களும் பங்குபற்றும் சர்வதேச விஞ்ஞான, பொறியியற் கண்காட்சியாக அது வளர்ந்துள்ளது. ஊர்மட்டக் கண்காட்சிகள் பலவற்றுக்கு ஆரம்ப காலத்தில் அனுசரணை வழங்கியவையும் உள்ளூர்ப் பத்திரிகைகளே. கண்டதைக் கண்டபடி எழுதுதல் என்பது இரு துறைக்கும் பொதுவான அறம்.

எனவே அந்த நண்பர்களுக்கு, கேட்டதற்கும் மேலாகச் சில திருத்தங்களை எழுதி அனுப்பினேன். அவற்றை இங்கேயும் பதிவு செய்வது ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படலாம்.

முதலாவது திருத்தம் அந்த ஏழாவது படிமுறையே. 'நிரூபியுங்கள்' என்பதை எடுத்துவிட்டு, 'உங்கள் கருதுகோளைப் பெறுபேறுகள் ஆதரிக்கின்றனவா, இல்லையா எனப் பாருங்கள். இல்லையெனில் அதனையே எழுதுங்கள்' என்று போடும்படி கேட்டேன். 1887இல் மைக்கல்சன், மோர்லி என்னும் இருவர் ஈதர் என்ற ஊடகத்தின் ஊடாகப் பூமி செல்வதை ஒளியின் வேகத்தைக் கொண்டு அளக்க முயன்றனர். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையே அவர்கள் அறிவித்தனர். பௌதிகவியலின் பாதை மாறுவதற்கு அந்தத் 'தோல்வி'யும் ஒரு காரணம். அவர்கள் நமது பாடசாலை ஒன்றில் பயின்றிருந்தால் வரைபைத் திருத்தும்படி கூறியிருப்போம்.

இரண்டாவது, வழிகாட்டி செயற்றிட்டங்களின் பட்டியலுடன் ஆரம்பிக்கக் கூடாது. பட்டியலைக் கண்டதும் பிள்ளை ஒன்றைத் தெரிந்து பிரதி செய்யும். கேள்வியுடன் ஆரம்பிக்க வேண்டும். எரிமலை மாதிரி ஒரு செய்துகாட்டல் மாத்திரமே. அதில் கண்டறிவதற்கு எதுவும் இல்லை. உண்மையான எரிமலை பொங்குவது பாறைக் குழம்பினாலும் அதில் கரைந்துள்ள வாயுக்களினாலுமே அன்றி அப்பச்சோடாவினால் அல்ல. ஆயினும் எரிமலையை விரும்பும் பிள்ளையைத் துரத்தவும் வேண்டியதில்லை. "வினாகிரியின் வெப்பநிலை கூடினால் நுரை எழும் உயரம் கூடுமா?" என்று கேட்கப் பழக்கினால் அதுவே ஒரு பரிசோதனை ஆகிவிடும். வழிகாட்டியிலுள்ள ஒவ்வொரு செய்துகாட்டலின் கீழும் இவ்வாறான ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்.

மூன்றாவது, உள்ளூரில் கிடைக்கும் பொருட்கள். அந்தக் கோப்பில் அளவுகள் அவுன்ஸிலும் வெப்பநிலை பரனைற்றிலும் இருந்தன. சோளப்பாகு வேண்டும் என்றிருந்தது. வன்னியில் ஒரு பிள்ளை அதற்கு எங்கே போவது? அதற்குப் பதிலாக நான் ஓர் உதாரணத்தை எழுதிக் கொடுத்தேன். நான்கு தட்டுகளில் ஈரத் துணி விரித்துத் தட்டுக்கு முப்பது பயறு பரப்புங்கள். முதலாவது தட்டுக்கு வெறும் நீர். மற்ற மூன்றுக்கும் ஓர் இலீற்றர் நீரில் முறையே மட்டமாக வழித்த ஒன்று, இரண்டு, மூன்று தேக்கரண்டி உப்பைக் கரைத்து விடுங்கள். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 6 கிராம். கடல் நீரில் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீரின் அளவு, நிழல், பயறு எல்லாம் ஒன்றாக இருக்க, உப்பு மட்டுமே மாறட்டும். தினமும் ஒரே நேரத்தில் முளைத்தவற்றை எண்ணுங்கள். முழுவதையும் மூன்று தடவை செய்யுங்கள். கிணறு உவராகிப்போன தோட்டக்காரரின் பிள்ளைக்கு இதன் பெறுபேறு வெறும் பரிசுக்கான விடயமாக இராது.

இவ்விடத்தில் ஒரு நல்ல முன்மாதிரியையும் சுட்டிக்காட்டினேன். கென்னத் ஹெஸ் என்பவரால் 2001இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட 'சயன்ஸ் படீஸ்' என்னும் வழிகாட்டி, ஒவ்வொரு செயற்றிட்டத்தின் தொடக்கத்திலேயே அதற்கு எவ்வளவு காலம் செல்லும், எவ்வளவு செலவாகும், பொருட்கள் எளிதிற் கிடைக்குமா, ஆபத்து ஏதுமுண்டா என்பவற்றைச் சொல்லிவிடுகிறது. கையில் காசில்லாத பெற்றோருக்கு இந்த நான்கு வரிகளும் பெரிய உபகாரம்.

நான்காவது, பாதுகாப்பு. பாணில் பூஞ்சணம் வளர்ப்பது நமது பிள்ளைகளுக்குப் பிடித்தமான செயற்றிட்டம். சர்வதேசக் கண்காட்சியின் விதிகளோ வீட்டில் நுண்ணங்கிகளை வளர்ப்பதைத் தடைசெய்கின்றன. உணவில் பூஞ்சணம் முதன்முதல் தென்பட்டவுடன் பரிசோதனையை நிறுத்துவதாயின் மட்டும் அதற்கு விலக்களிக்கின்றன. கோப்பில் இதுபற்றி ஒரு சொல்தானும் இருக்கவில்லை.

ஐந்தாவது, மொழி. 'கட்டுப்பாட்டுக் குழு' என்றிருந்ததை வாசித்த எனது மருமகள், வகுப்பில் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளும் மாணவத் தலைவர்களைப் பற்றியது என்றே நினைத்தாள். 'ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதையும் மாற்றாமல் வைத்திருக்கும் தட்டு' என்று ஒருமுறை விளக்கிவிட்டால் பிறகு எந்தக் கலைச்சொல்லையும் பயன்படுத்தலாம். அத்துடன் தமிழகத்தின் 'ஆக்சிஜன்' எமக்கு 'ஒட்சிசன்'. அவர்களின் 'நைட்ரஜன்' எமக்கு 'நைதரசன்'. இரண்டையும் அருகருகே தரும் ஒரு சிறு அகராதி அவசியம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்திருக்கிறார். பயறு முளைப்பதைத் தமிழில் சொல்ல இயலாது என்று இன்று எவரும் கூற முடியாது.

ஆறாவது, குறிப்புக் கொப்பி. இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கருதுகோள், அட்டவணை, வரைபு, முடிவுரை அனைத்தையும் ஒரு நிமிடத்தில் தந்துவிடும். அளக்காத எண்களையும் தந்துவிடும். தகப்பன்மாரும் தனியார் வகுப்பு ஆசிரியர்களும் முன்னர் செய்துவந்த வேலைதான் அது. இப்போது மலிவாகக் கிடைக்கிறது, அவ்வளவே. இதற்கு நான் அறிந்த மாற்று ஒன்றுதான். திகதியிட்டு, பேனையால் எழுதி, அழிறப்பர் தொடாத, பிழைத்த அளவீடுகளும் வெட்டப்பட்ட வரிகளும் அப்படியே இருக்கின்ற கொப்பி. புள்ளிகளில் அரைவாசியை அந்தக் கொப்பிக்கு வழங்க வேண்டும். காட்சிப் பலகைக்குக் கடைசி இடம் போதும்.

இவற்றை எழுதுகையில் எனது அம்மாவின் நினைவு வந்தது. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் கைக்கெட்டாத விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் சிறு திரியுமாக எரிந்த விளக்கில்தான் எங்கள் தலைமுறை படித்தது. ஒருநாள் அம்மா ஒரே மாதிரியான இரண்டு போத்தல்களை எடுத்து, ஒரே மட்டத்துக்கு எண்ணெய் விட்டு, ஒன்றில் பழைய சேலைத் துணித் திரியும் மற்றதில் பஞ்சுத் திரியும் இட்டு, ஒரே நேரத்தில் ஏற்றி, ஒரே நேரத்தில் அணைத்தார். பின்னர் எண்ணெய் இறங்கிய அளவை ஈர்க்கினால் அளந்தார். சேலைத் துணியே சிக்கனம் என்று முன்னர் எங்களுக்குச் சொன்னவர் அவர். அளந்த பிறகு, "நான் சொன்னது பிழை, பஞ்சுதான் நல்லது" என்று கூறிவிட்டுத் திரியை மாற்றினார். அம்மா ஐந்தாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டவர். கருதுகோள் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதேயில்லை.

நண்பர்கள் எனது திருத்தங்களுள் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டுள்ளனர். ஏழாவது படிமுறை மாற்றப்பட்டுவிட்டது. குறிப்புக் கொப்பிக்கான புள்ளி பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் பாடசாலைகளும் கல்வி வலயங்களுமே என்று எழுதியிருந்தனர். அது சரிதான். இதனை வாசிக்கும் ஆசிரியர்கள் எவராவது இருப்பின், அடுத்த கண்காட்சிக்கான புள்ளித்திட்டத்தைத் தயாரிக்கும்போது இதனையும் கவனத்திற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுபடியும் என்னை நடுவராக எவரேனும் அழைத்தால், முதலில் கொப்பியைத்தான் கேட்பேன் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். கிணற்று நீருடன் நின்ற அந்தப் பிள்ளைக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, "உன்ரை கொப்பியிலை இருக்கிறதுதான் சரி, அதைப் பலகையிலை போடு" என்ற ஒரே வசனந்தான். அதனைச் சொல்லாமல் வந்தது எனது பிழை.