கொடுங்கைக்கு ஒரு பட்டறை வேண்டும்

ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் கோயிலுக்கு வருகிறவர்கள் சந்நிதிக்குப் போகும் முன்பே அண்ணாந்து நின்றுவிடுகிறார்கள். மேலே வரிசையாகச் சட்டங்கள், குறுக்கே கம்பிகள், அவற்றை இறுக்கிய குமிழ் ஆணிகள். தச்சர் போட்ட கூரை என்றே தோன்றும், அத்தனையும் கருங்கல். இந்தக் கூரை விளிம்புதான் கொடுங்கை. நம்பாத வெள்ளைக்காரர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டுச் சோதித்தார் என்று ஒரு கதையும் சொல்வார்கள். அந்தக் காலச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, ‘ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக’ மற்ற எதையும் செய்து தருவதாக எழுதுவார்களாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானமும் திருவலஞ்சுழிப் பலகணியும்கூட அந்த விலக்குப் பட்டியலில் உண்டு.

இன்னொருவரால் செய்ய முடியாது என்று பெருமை பேசிய வேலை பழுதுபட்டால் யார் சரிசெய்வது?

நார்வேயின் துரோன்தைம் நகரத்தில் இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. புனித ஓலாவின் கல்லறைமேல் 1070 வாக்கில் தொடங்கிய நிதாரோஸ் பேராலயம் பலமுறை தீப்பிடித்துப் பாதி இடிந்து கிடந்தது. 1869இல் சீரமைப்பு தொடங்கியது. அதற்காக ஆலயத்தை ஒட்டி அமைந்த கல்தச்சர் பட்டறை, சீரமைப்பு 2001இல் முடிந்ததாக அறிவித்த பிறகும் மூடப்படவில்லை. அரசுச் செலவில் இன்றும் நடக்கிறது. மூத்தவரிடம் உளி பிடிக்கக் கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கிறார். எந்தக் கல் எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவும் அங்கேயே இருக்கிறது.

நம் ஊரிலோ குடமுழுக்கு நெருங்கினால்தான் சாரம் ஏறும். நாள் குறித்தாகிவிட்டது, வேலை முடிந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் மணலைப் பீய்ச்சியடித்துச் சிற்பங்களின் முகத்தை மழுக்கிய கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனை! சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் பழங்கோயில் பாதுகாப்புக்கு 75 கட்டளைகள் இட்டதே இந்த நிலையைப் பார்த்துத்தான்.

ஆவுடையார்கோவிலுக்கும் நிதாரோஸில் உள்ளதுபோல நிரந்தரப் பட்டறை ஒன்று வேண்டும். அதற்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் நடக்கிறது. அங்கே படித்தவர்களில் பலருக்குப் பழைய கல்லைப் பேணும் வேலையைவிடப் புதிய கோயில் கட்டும் வேலைதான் எளிதில் கிடைக்கிறது. பணம்? ஆத்மநாதர் கோயில் திருவாவடுதுறை ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. ஆதீனமும் அரசும் ஆளுக்குப் பாதி போட்டால் நான்கைந்து சிற்பிகளை மாதச் சம்பளத்தில் வைக்க முடியாதா என்ன? குடமுழுக்குப் பந்தலுக்கும் மின்விளக்குக்கும் கொடுக்க உபயதாரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அதில் ஒரு பங்கை இதற்குக் கேட்கலாம்.

அந்தப் பட்டறைக்கு முதல் வேலை உளி பிடிப்பதல்ல. கொடுங்கையை அங்குலம் அங்குலமாக அளந்து வரைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் கல் இடுக்கில் நீர் கசிகிறது என்று கூடவே இருந்து பார்த்துக் குறிக்க வேண்டும்.